கடை மேசைக்குப் பழைய கணனி: எதை எடுப்பது, எதை விடுவது?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தபோது, எமது ஊரில் பாதணிக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வந்து கையைப் பிடித்துக் கொண்டார். "நானா, கொழும்புல ஐ5 மெஷின் ஒன்று ஈக்குது. டெல் 7010. சின்னப் பெட்டி. விண்டோஸ் 11 போட்டே தாராங்களாம். எடுக்கவா?" என்றார்.

"எந்த 7010?" என்று கேட்டேன். தம்பி விழித்தார். 7010 என்றால் 7010தானே என்பது அவரது எண்ணம்.

விடயம் அப்படியல்ல. டெல் கம்பனி ஒப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயரில் 2012ஆம் ஆண்டு ஒரு கணனியை வெளியிட்டது. பின்னர் 2023ஆம் ஆண்டு அதே பெயரில் முற்றிலும் வேறொரு கணனியை வெளியிட்டது. முன்னையதில் இருப்பது இன்டெல்லின் மூன்றாம் தலைமுறைப் புரொசெசர். பின்னையதில் இருப்பது பதின்மூன்றாம் தலைமுறை. இரண்டிலும் ஐ5 உண்டு. இரண்டையும் சிறிய பெட்டியில் வாங்கலாம். இடையில் பதினொரு வருட இடைவெளி. தம்பிக்குச் சொல்லப்பட்ட விலையைக் கேட்டதுமே அது எந்த 7010 என்று விளங்கி விட்டது.

இப்படியான கேள்விகள் அடிக்கடி வருவதால் இந்த வாரம் பழைய சிறிய மேசைக் கணனிகளைப் பற்றி எழுதுகிறேன். நான் கணனி படித்தவன் அல்லன். பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவன். எனது கடையிலும் உறவினர்களின் கடைகளிலும் பல வருடங்களாக இப்பெட்டிகளை வாங்கி, திறந்து, பழுதாக்கி, திருத்திக் கற்றுக் கொண்டவற்றைத்தான் எழுதுகிறேன். விலைகளை எழுத மாட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதைப் பார்த்த பிறகு, இறக்குமதிப் பொருளின் விலையைப் பத்திரிகையில் எழுதும் துணிச்சல் எனக்கில்லை.

முதலில் இக்கணனிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்து கொள்ள வேண்டும். வெளிநாடுகளில் வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், பாடசாலைகள் முதலியன நூற்றுக்கணக்கில் கணனிகளை வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்து மூன்று முதல் ஐந்து வருடங்கள் வரை பாவித்த பின் மொத்தமாகக் கழித்து விடுகின்றன. அவை தரம் பிரிக்கப்பட்டு கொள்கலன்களில் நம் போன்ற நாடுகளுக்கு வருகின்றன. வீட்டுப் பாவனைக்குச் செய்யப்படும் மலிவுக் கணனிகளை விட இவற்றின் தயாரிப்பு உறுதியானது. நாள் முழுதும் ஓடவென்றே செய்யப்பட்டவை. ஆகவே பழையது என்ற காரணத்துக்காக ஒதுக்கத் தேவையில்லை. எத்தனை வருடம் பழையது என்பதுதான் கேள்வி.

சந்தையில் அதிகம் கிடைப்பவை மூன்று கம்பனிகளுடையவை. டெல்லின் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி.யின் எலைட்டெஸ்க் மற்றும் புரோடெஸ்க், லெனோவோவின் திங்க்சென்டர். இவற்றில் சிறியவை இரண்டு அளவுகளில் வரும். ஒன்று, படுக்க வைத்தால் பெரிய அகராதியைப் போலிருக்கும் சின்னப் பெட்டி. ஏறத்தாழ ஓர் அடி நீளமும் நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்பும் கொண்டது. மற்றது அதை விடச் சிறிய குட்டிப் பெட்டி. ஏழங்குலச் சதுரம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்பு. டெல் இதனை மைக்ரோ என்கிறது, எச்.பி. மினி என்கிறது, லெனோவோ டைனி என்கிறது. இக்கட்டுரையில் முன்னையதைச் சின்னப் பெட்டி என்றும் பின்னையதைக் குட்டிப் பெட்டி என்றும் குறிப்பிடுகிறேன்.

இனித் தலைமுறை விடயத்துக்கு வருவோம். ஐ3, ஐ5, ஐ7 என்று சொல்லித்தான் நமக்கு விற்கிறார்கள். இது சேலையின் தரத்தைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் சொல்லி விற்பது போன்றது. ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள். ஐ5-3470 என்றால் முதல் இலக்கம் 3, ஆகவே மூன்றாம் தலைமுறை. 4570 நான்காம் தலைமுறை, 6500 ஆறாம் தலைமுறை, 8500 எட்டாம் தலைமுறை. 10500 என்று ஐந்து இலக்கம் வந்தால் முதலிரண்டையும் சேர்த்துப் பத்தாம் தலைமுறை எனக் கொள்ள வேண்டும். இறுதியில் டி என்ற எழுத்து இருந்தால் அது மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை. குட்டிப் பெட்டிகளில் பெரும்பாலும் அதுவே இருக்கும். வேகம் சற்றுக் குறைவு, சூடும் குறைவு.

ஐ7 என்ற பெயரில் மயங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை ஐ7-2600ஐ விட எட்டாம் தலைமுறை ஐ3-8100 கடை வேலைக்குச் சுறுசுறுப்பானது, மின்சாரமும் குறைவாக எடுக்கும். எட்டாம் தலைமுறையில் இன்டெல் ஐ5இற்கு நான்குக்குப் பதிலாக ஆறு மையங்களையும், ஐ3இற்கு இரண்டுக்குப் பதிலாக நான்கு மையங்களையும் கொடுத்தது. அதற்கு முந்திய பல வருடங்களாக ஐ5 என்றால் நான்கு மையங்கள்தான். எனவே 2012இன் ஐ5இற்கும் 2017இன் ஐ5இற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை விட, 2017இற்கும் 2018இற்கும் இடையில் உள்ளது பெரிது.

பெட்டியின் பெயரைப் பார்த்தே தலைமுறையை ஊகிக்கவும் முடியும். டெல்லில் 2012இன் 7010 மூன்றாம் தலைமுறை, 2013இன் 9020 நான்காம் தலைமுறை, 7040 ஆறு, 7050 ஆறு அல்லது ஏழு, 2018இல் வந்த 3060, 5060, 7060 ஆகியன எட்டு. எச்.பி. எலைட்டெஸ்க் 800இல் ஜி1 நான்காம் தலைமுறை, ஜி2 ஆறு, ஜி3 ஆறு அல்லது ஏழு, ஜி4 எட்டு. ஆனால் இதே ஜி கணக்கைப் புரோடெஸ்க் 400 வரிசைக்குப் போட்டுப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள். அங்கே கணக்கு வேறு, பெட்டிக்குப் பெட்டியும் மாறும். லெனோவோவில் எம்93பி நான்கு, எம்900 ஆறு, எம்710, எம்910 ஆகியன ஆறு அல்லது ஏழு, எம்720, எம்920 ஆகியன எட்டு அல்லது ஒன்பது. எப்படியும் கடைசித் தீர்ப்பு புரொசெசரின் இலக்கம்தான்.

இந்த எட்டாம் தலைமுறை ஏன் இவ்வளவு முக்கியம்? மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10இற்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்தியது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட மேலதிகப் பாதுகாப்பும், நிறுவனங்களுக்குக் கட்டணத்துடன் மூன்று வருடம் வரையும் என்று அறிவித்தது. அடுத்தது விண்டோஸ் 11. அதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஏழாம் தலைமுறையில் மிகச் சில விதிவிலக்குகள் தவிர மற்றவை எல்லாம் கோட்டுக்கு வெளியே.

அப்படியானால் தம்பியின் 2012 பெட்டியில் எப்படி விண்டோஸ் 11 ஓடுகிறது? நிபந்தனைகளைச் சோதிக்கும் பகுதியைத் தவிர்த்து விட்டு நிறுவும் வழிகள் உண்டு. பல கடைகளில் அதைத்தான் செய்கிறார்கள். நிறுவியதும் ஓடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அத்தகைய கணனிக்குத் தொடர்ந்து புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொஃப்ட் தரவில்லை. ஒவ்வொரு பெரிய புதுப்பிப்பின் போதும் மீண்டும் யாரையாவது கூப்பிட வேண்டி வரும். வீட்டில் பிள்ளை படம் பார்க்கும் கணனி என்றால் போகட்டும் எனலாம். வங்கிக் கணக்கைத் திறந்து சப்ளையருக்குப் பணம் அனுப்பும் கணனியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

விற்பவரும் பெரும்பாலும் நம்மவர்தான். கோட்டைத் தாண்டி நிறுவியிருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லி விட வேண்டும். பொருளில் உள்ள ஐபை மறைத்து விற்பது கூடாது என்று நாம் சிறு வயதிலிருந்தே ஓதி வந்திருக்கிறோம். அது ஈரமான தானியத்துக்கு மட்டும் உரியது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையலாம். வாங்கியவர் இரண்டாம் முறையும் வருவார்.

இங்கே எனது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எமது கடையின் கடன் கணக்குகள் அனைத்தும் ஒரு பழைய சின்னப் பெட்டியில் இருந்தன. நான்காம் தலைமுறை, உள்ளே சுழலும் வன்தட்டு. வாங்கிய நாளிலிருந்து அந்த வன்தட்டை மாற்றவே இல்லை. யூ.பி.எஸ். ஒன்று இருந்தது, அதன் பற்றரி செத்து நீண்ட நாள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த அந்த நாட்களில் ஒரு நாள் கணனி திறக்கவில்லை. வன்தட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. ரமழானுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. கடைசியாகப் பிரதி எடுத்தது ஜனவரியில். பதினொரு கிழமைக் கடன் கணக்கு போய் விட்டது.

கடனை எழுதி வைத்துக் கொள்ளும்படி கட்டளையிடும் ஆயத் குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத், ஸூரத்துல் பகராவின் 282ஆவது. அதை எத்தனை தடவை ஓதியிருப்பேன்! எழுதித்தான் வைத்திருந்தேன், ஆனால் எழுதிய கொப்பியைப் பாதுகாக்கவில்லை. சில்லறைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, "உங்களுடைய பாக்கி எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டி வந்தது. வெட்கமாக இருந்தது. பெரும்பாலானவர்கள் தமது பில்களை எடுத்துக் கொண்டு வந்து கணக்குச் சொன்னார்கள். ஒருவர் நான் மறந்தே போயிருந்த ஒரு சீனி மூட்டைக் கணக்கையும் சேர்த்துச் சொன்னார். ஓரிருவர் சொல்லவில்லை. அவர்கள் மறந்து விட்டார்கள் என்றே வைத்துக் கொண்டேன். நட்டம் ஒரு பக்கம் இருக்க, ஒரு மனிதரைப் பற்றி என் மனதில் சந்தேகம் வர என் கவலையீனம் காரணமாகி விட்டதே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் பழைய கணனி வாங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது, உள்ளே இருக்கும் சுழலும் வன்தட்டை அன்றே கழற்றி விட்டுப் புதிய எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்பதாகும். பழைய பெட்டியில் செய்யக் கூடிய முன்னேற்றங்களில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். சுழலும் வன்தட்டு வினாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை வாசிக்கும், அதுவும் தகவல்கள் ஒழுங்காக வரிசையில் இருந்தால். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500இற்கு மேல் வாசிக்கும். சிதறிக் கிடக்கும் சிறு சிறு தகவல்களைத் தேடுவதில் வித்தியாசம் இதை விடப் பல மடங்கு. எமது கடையில் காலையில் பட்டனை அமுக்கி விட்டு ஒரு பிளேன்டி குடித்து முடித்த பிறகே பில் அடிக்க முடிந்த கணனி, எஸ்.எஸ்.டி. போட்ட பின் இருபது வினாடியில் தயாரானது. புரொசெசர் அதே பழையதுதான்.

எம்.2 என்ற சிறு பலகை வடிவில் வரும் என்.வி.எம்.ஈ. எஸ்.எஸ்.டி. இன்னும் வேகமானது. ஆனால் 2012, 2013 காலத்து 7010, 9020, எலைட்டெஸ்க் 800 ஜி1 சின்னப் பெட்டிகளில் அதற்கான இடமே இல்லை. எலைட்டெஸ்க் ஜி2, டெல் 7050 போன்ற ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளில் இருக்கிறது. பில் அடிப்பதற்கும் கணக்கு எழுதுவதற்கும் சாட்டா போதும். அந்த வேகத்துக்காக மேலதிகமாகச் செலவழிக்கத் தேவையில்லை. எட்டாம் தலைமுறைப் பெட்டி வாங்கினால் அது தானாகவே கிடைக்கும்.

அடுத்தது நினைவகம், அதாவது ராம். நான்கு ஜி.பி. இன்று போதாது. எட்டு இருந்தால் கடை வேலை நடக்கும். பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக் கொண்டு எக்செலும் வேண்டும் என்பவர்களுக்குப் பதினாறு. வாங்குமுன் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெட்டிகளுக்கு டி.டி.ஆர்.3, எட்டாம் தலைமுறைக்கு டி.டி.ஆர்.4. ஒன்று மற்றதில் ஏறாது. இடையில் டெல் ஒரு குழப்பத்தையும் செய்து வைத்திருக்கிறது. ஆறாம் தலைமுறையில் 3040, 5040 இரண்டுக்கும் டி.டி.ஆர்.3எல், ஆனால் அதே காலத்து 7040இற்கு டி.டி.ஆர்.4. எனது மருமகன் ஒருவர் 3040இற்கு டி.டி.ஆர்.4 வாங்கி வந்து, ஏறாததால் இரண்டாம் முறையும் பஸ்ஸேறிப் போனார். குட்டிப் பெட்டிகள் மடிக்கணனியில் போடும் குறுகிய ராமையே எடுக்கும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். வீட்டில் பழுதான மடிக்கணனி இருந்தால் அதிலிருந்து கழற்றிப் போடலாம், வகை பொருந்தினால்.

எத்தனை ராம் ஏற்றலாம் என்பதிலும் வித்தியாசமுண்டு. டெல்லின் 7050, 7060 சின்னப் பெட்டிகளில் நான்கு இடங்கள். 3050, 3060 ஆகியவற்றில் இரண்டுதான். குட்டிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இரண்டு. வாங்கும்போது எட்டு ஜி.பி.யை ஒரே துண்டாகக் கேட்டு வாங்கினால் மற்ற இடம் பிறகு ஏற்ற வெறுமையாக இருக்கும். இரண்டு நான்காகக் கொடுத்தால், கூட்டும் நாளில் பழையதைக் கழற்றி எறிய வேண்டும்.

புரொசெசரை மாற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதே பலகை ஏற்கும் வகைக்குள் மாற்றலாம், ஐ3ஐ எடுத்து ஐ5 போடலாம். தலைமுறை தாண்ட முடியாது. ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் புரொசெசர் இருக்கும் குழி ஒரே அளவுதான், ஆனால் 7050இல் எட்டாம் தலைமுறை வேலை செய்யாது. "பிறகு எட்டாவது போட்டுக் கொள்ளலாம்" என்று சொல்லி ஏழாவதை விற்க வருபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மின் வழங்கி விடயம் பலருக்குத் தெரியாதது, எனக்கும் ஒரு முறை பழுதாகும் வரை தெரியாது. சாதாரணப் பெரிய கணனிகளின் மின் வழங்கிக்கு 24 ஊசி கொண்ட பொது இணைப்பு உண்டு. டெல் 9020இல் அது 8 ஊசி. எலைட்டெஸ்க் 800 ஜி1இல் 6 ஊசி. பெட்டியின் அளவும் தனியானது. பழுதானால் கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண மின் வழங்கியைப் போட முடியாது, அதே வகைப் பழையதைத் தேடி அலைய வேண்டும். இதற்கு ஒரு வழி, நான் செய்வது, ஒரே மொடலில் எல்லாவற்றையும் வாங்குவது. கடைக்கு மூன்று கணனி தேவையென்றால் மூன்றும் ஒரே மொடல், முடிந்தால் நான்காவதாகப் பழுதான ஒன்றையும் மலிவாக வாங்கி உதிரிக்கு வைத்துக் கொள்வது.

குட்டிப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மடிக்கணனியைப் போல வெளியே ஒரு அடப்டர், பெரும்பாலும் 65 வொட், எளிதாகக் கிடைக்கும். மின்சாரமும் குறைவு. சின்னப் பெட்டி சாதாரண வேலையின் போது 30 வொட் எடுக்கிறது, குட்டிப் பெட்டி 15 எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு 12 மணித்தியாலம், மாதத்துக்கு 26 நாள் என்றால் வித்தியாசம் நாலே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இதற்காக மட்டும் யாரும் பெட்டியை மாற்றத் தேவையில்லை. ஆனால் மின்வெட்டின் போது சிறிய யூ.பி.எஸ். ஒன்றில் குட்டிப் பெட்டி கூடுதல் நேரம் நிற்கும், அது பெரிய விடயம். மொனிட்டருக்குப் பின்னால் திருகி வைக்கவும் முடியும். மேசையில் இடம் மிச்சம்.

அப்படியானால் எல்லோரும் குட்டிப் பெட்டியையே வாங்கலாமே என்று தோன்றும். எங்கள் மாவு, சீனிக் கடையில் அது சரிவரவில்லை. உள்ளே இடம் குறைவு, சிறிய விசிறி, சிறிய காற்றுத் துவாரம். மாவுத் தூசு ஆறு மாதத்தில் கம்பளம் போலப் படிந்து விட்டது. சூடேறினால் வேகம் தானாகக் குறையும். புடைவைக் கடைக்காரர்களுக்கும் பஞ்சுத் தூசினால் இதே கதைதான். குளிரூட்டிய அலுவலகம், மருந்துக் கடை, தொலைபேசிக் கடை என்றால் குட்டிப் பெட்டி மிக நல்லது. தூசுள்ள கடைக்குச் சின்னப் பெட்டியே நல்லது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூரிகையால் தட்டி விட வேண்டும். இரண்டிலும் திருகாணி இல்லாமலோ ஒரே திருகாணியாலோ திறக்கும்படி செய்திருக்கிறார்கள், பயப்படத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றி விட்டுத் திறவுங்கள்.

இன்னொன்று, பின்பக்கத் துவாரங்கள். எங்கள் மின் தராசும் வாடிக்கையாளருக்குத் தொகை காட்டும் கம்பமும் பழைய ஒன்பது ஊசி சீரியல் துவாரத்தில் இணைபவை. 9020, எலைட்டெஸ்க் 800 ஜி1 போன்ற சின்னப் பெட்டிகளில் அது பின்னாலேயே இருக்கிறது. குட்டிப் பெட்டிகளில் அது விருப்பத் தெரிவு மட்டும், பெரும்பாலும் இருக்காது. நான் இதைப் பார்க்காமல் குட்டிப் பெட்டி ஒன்றை வாங்கி, யூ.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் வயரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். மலிவான வயர்களில் தராசு இடைக்கிடை பேசாமல் விடும். மொனிட்டர் இணைப்பிலும் கவனம் தேவை. இப்பெட்டிகளில் பலவற்றில் டிஸ்பிளேபோர்ட்டும் பழைய வீ.ஜி.ஏ.யும்தான் உண்டு, எச்.டி.எம்.ஐ. இல்லை. மாற்றும் வயர் மலிவுதான், ஆனால் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு என்று திசையைச் சொல்லி வாங்க வேண்டும். மறுதிசை வயர் வேலை செய்யாது. வைஃபை சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது, ரௌட்டரிலிருந்து வயர் இழுப்பதே நல்லது.

கடையில் நின்று பார்க்கும்போது விண்டோஸ் திறந்திருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு விடாதீர்கள். கணனியை நிறுத்தி மீண்டும் போடச் சொல்லி, உடனே டெல் என்றால் எஃப்2, எச்.பி. என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 பட்டனைத் தட்டிக் கொண்டிருங்கள். உள்ளமைப்புப் பக்கம் திறக்கும். புரொசெசரின் முழு இலக்கம், ராமின் அளவு எல்லாம் அங்கே இருக்கும். அங்கே கடவுச்சொல் கேட்டால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். பழைய உரிமையாளரான கம்பனி போட்ட பூட்டு அது, வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு திறப்பது பெரும்பாடு. திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பயப்பட வேண்டாம். பலகையில் உள்ள சீ.ஆர்.2032 என்ற வட்டப் பற்றரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டெல் பெட்டிகளில் ஏழு எழுத்துக் கொண்ட சேவை இலக்கம் ஒட்டியிருக்கும். அதை டெல்லின் தளத்தில் போட்டால் எந்த மொடல், எப்போது அனுப்பப்பட்டது என்று தெரியும். அரை மணி நேரம் ஓட விட்டு விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். முன்னும் பின்னுமுள்ள எல்லா யூ.எஸ்.பி. துவாரங்களிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். நாமும் தராசில் வைத்துத்தானே சாமான் கொடுக்கிறோம்.

விண்டோஸ் உரிமம் அசலா என்றும் கேளுங்கள். உடைத்த மென்பொருளைப் போட்டுக் கொடுப்பது எங்கும் சாதாரணமாகி விட்டது. அது அடுத்தவர் உரிமை என்பது ஒரு பக்கம். உடைப்பதற்குப் பாவிக்கும் கருவிகளோடு என்னென்ன உள்ளே வருகின்றன என்று போட்டவருக்கே தெரியாது என்பது மறுபக்கம். அசல் வாங்க வசதியில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் உண்டு. கையில் ஏற்கெனவே நான்காம் தலைமுறைப் பெட்டி இருந்து, அதைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கும் அதுவே நல்ல வழி. கடிதம் எழுத, எக்செல் போன்ற கணக்குத்தாள் பாவிக்க, மின்னஞ்சல் பார்க்கக் குறைவில்லாமல் ஓடும். உங்கள் பில் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால் வாங்கியவரிடம் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

பாதணிக் கடைத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அந்த 7010ஐ விட்டு விடுங்கள். அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எட்டாம் தலைமுறையில் 3060 சின்னப் பெட்டியோ எம்720 குட்டிப் பெட்டியோ தேடுங்கள், ஐ3-8100 ஆனாலும் பரவாயில்லை. ஐ5இற்காகக் காத்திருக்க வேண்டாம். எட்டு ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். எஸ்.எஸ்.டி.யைப் பழையதாக வாங்காதீர்கள், அதை மட்டும் பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் உள்ள புதியதாக வாங்குங்கள். பணம் போதாவிட்டால் இரண்டு மாதம் பொறுங்கள், அதுவரை கொப்பியில் எழுதுங்கள். தவணைக்கு வட்டியோடு எடுக்கும் அளவுக்கு இது அவசரமான பொருளல்ல.

தம்பி மூன்று கிழமைக்குப் பின் ஒரு 3060 எடுத்தார். ஐ5-8500, எட்டு ஜி.பி. இரண்டு நான்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கேட்க மறந்து விட்டாராம். பழைய கணனியை விற்கப் போவதாகச் சொன்னார். அதன் வன்தட்டில் வாடிக்கையாளர்களின் பெயர்களும் பாக்கிகளும் தொலைபேசி இலக்கங்களும் இருக்கின்றன, அழித்தாலும் மீட்டெடுக்கலாம், ஆகவே வன்தட்டைக் கழற்றி வைத்துக் கொண்டு பெட்டியை மட்டும் விற்கச் சொன்னேன்.

எமது கடையில் இப்போது இரண்டு பென் டிரைவ்கள் இருக்கின்றன, ஒன்றில் பச்சை நூல், மற்றதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். இஷாவுக்குக் கடை பூட்டுமுன் அன்றைய கணக்கு ஒன்றில் ஏறும், அது என் சட்டைப் பையில் வீட்டுக்கு வரும். மற்றது காசு லாச்சியில் இருக்கும். மறுநாள் மாறும். யூ.பி.எஸ். பற்றரியை மாற்றிய திகதியை அதன் மேலேயே பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.